குழாய் கத்தாத சனிக்கிழமை

நவம்பர் 2, ஞாயிறு

விடியலில் இருந்து தூறல். வாடைக்காற்று. ஒரு படகும் இறங்கவில்லை. கடல் எச்சரிக்கை நிலையத்தைத் திறந்து தரை துடைத்தேன். சர்வர் மேசைக்கு அடியில் ஒரே பிசுபிசுப்பு, இரண்டு வாளி தண்ணீர் பிடித்தது. துடைத்து என்ன பயன். உள்ளே யார் வரப்போகிறார்கள்.

ஊர் முழுக்க ஒரே கேள்வி: நேற்று விடியலில் குழாய் ஏன் கத்தவில்லை?

கத்தியிருக்க வேண்டும். சென்னையிலிருந்து காற்று எச்சரிக்கை மூணு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்திருக்கிறது. வந்ததும் சர்வர் தானே எடுத்துக்கொண்டு, நான் பேசிப் பதிந்து வைத்த குரலை நாலு குழாய் ஸ்பீக்கரிலும் விடும். "காத்து ஏறுது, யாரும் எறங்காதீங்க." இரண்டு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. அதில் என் கை படவே படாது. நான் ஆறு மணிக்குப் போய், மிஷின் ஒழுங்காக ஓடுகிறதா பார்த்து, அதை வைத்த கம்பெனிக்கு ரிப்போர்ட் அனுப்புகிற ஆள். அவ்வளவுதான்.

நேற்று ஆறு மணிக்குப் போனேன். திரை கறுப்பு. பட்டனை அழுத்தி எழுப்பினேன். அது எழுந்துகொண்டிருக்கும்போதே கரையில் கூச்சல்.

ஏழுமலை அண்ணன் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்துவிட்டது. கூடப் போன இரண்டு பேர் நீந்தி வந்துவிட்டார்கள். அண்ணனின் வலது கால் இஞ்சினுக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டி நசுங்கிவிட்டது. பொன்னேரி ஆஸ்பத்திரி, அங்கிருந்து சென்னை.

குழாய் சத்தம் போடவில்லை என்றால் கடல் நல்லது. ஊரை அப்படித்தான் பழக்கி வைத்தோம். செத்த மிஷினும் சத்தம் போடாது என்று கம்பெனியில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

டீக்கடையைத் தாண்டும்போது காதில் விழுந்தது: "போன்ல கொஞ்சிகினு இருந்திருப்பா. சுச்சி போட மறந்துட்டா."

சுவிட்சே கிடையாது, அட மடையா.

வாங்க: கொசுவத்தி, சோப்பு, நைனாவுக்கு வெற்றிலை. செருப்பு வார் தைக்கணும்.


நவம்பர் 3, திங்கள்

மழை விட்டுவிட்டு.

கம்பெனியிலிருந்து போன். இரண்டு வருடமாக மெயிலுக்கு ஒழுங்காகப் பதில் போடாதவர்கள், காலை ஒன்பது மணிக்கு அவர்களாகவே.

"இப்போ எங்க ஸ்க்ரீன்ல எல்லாம் பச்சையாத்தான் இருக்கு மேடம். ஆபரேட்டர் சைடுல ஏதாச்சும் மிஸ்டேக் ஆகியிருக்கும்."

நான்தான் எழுப்பி விட்டேன், அதனால் பச்சை என்றேன். "எழுத்துல அனுப்புங்க" என்று வைத்துவிட்டான். கை கழுவ வாளியில் தண்ணீர் தயாராக வைத்திருந்திருக்கிறார்கள்.

சரி, எழுத்திலேயே அனுப்புகிறேன். பார்த்தவை:
கரண்ட்: யுபிஎஸ் பதிவில் வெட்டு இல்லை.
டிஸ்க்: smartctl ஓட்டினேன். இரண்டும் சுத்தம்.
நெட்: சரி.
சூடு: அதிகம்தான். ஆனால் நின்றுபோகிற அளவுக்கு இல்லை.

கடைசியாக journalctl. மிஷின் விழுவதற்கு முன்னால் என்ன எழுதி வைத்தது என்று பின்னாலிருந்து படித்தேன். சனிக்கிழமை 2:46க்கு சாதாரணமாக ஒரு வரி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பேசிக்கொண்டிருந்த ஆள் பாதிப் பேச்சில் சாய்ந்த மாதிரி. அடுத்த வரி 6:04, நான் பட்டன் அழுத்தியது.

ஆக, எச்சரிக்கை வருவதற்கு முன்பே செத்துவிட்டது. நான் இல்லை. ஆனால் ஏன் செத்தது என்று அதில் ஒரு எழுத்தும் இல்லை. "தானா நின்னுடுச்சு" என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னால் சிரிப்பார்கள்.

சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் பவானி. ஏழுமலை அண்ணனின் பெண்சாதி. பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். இப்போது கருவாடு போடுகிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் குனிந்து இரண்டு கையிலும் மண்ணை அள்ளினாள்.

"உன் வாய நம்பித்தானே எறங்கினாரு! நல்லா இருப்பியா நீ? நாசமா போவ!"

தூற்றிவிட்டாள். வாயில், தலையில், குடத்துத் தண்ணீரில் மண். சுற்றி எட்டு பேர். ஒருத்தரும் "ஏம்மே இப்படி" என்று கேட்கவில்லை. குடத்தைக் கவிழ்த்துவிட்டு வந்தேன். தலையை மூன்று தடவை அலசியும் சீப்பில் மண் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். தப்பு என்னுடையது என்று முடிவானால் நிலையத்துச் சாவி போகும். அதோடு விடமாட்டார்கள், நைனாவின் பாட்டையும் நிறுத்துவார்கள். ஏரியில் எந்த வீடு எந்த நாள் எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊர் சீட்டுப் போட்டு வைத்த முறை, அதுதான் பாடு. எங்கள் வீட்டு முறை புதன், 12ஆம் தேதி. அதை விட்டால் திரும்ப வர எத்தனை நாளோ. மகள் மிஷினுக்கு அப்பன் வலையைக் கட்டி வைக்கிற நியாயம்.


நவம்பர் 4, செவ்வாய்

வெயில். ஆனால் துணி காயாத வெயில்.

கண்டுபிடித்துவிட்டேன்.

மிஷின் மூச்சு நின்றாலும் மதர்போர்டு தனக்கென்று ஒரு பதிவு வைத்திருக்கும். அதை நான் இதுவரை திறந்ததே இல்லை. ipmitool sel list. நாலு பக்கம் கொட்டியது. மெமரி ஸ்லாட் ஏ-3. பிழை, திருத்தப்பட்டது. ஏ-3. பிழை, திருத்தப்பட்டது. இப்படியே நூற்றுக்கு மேல். கடைசியில் ஒரே ஒரு வரி மட்டும் வேறு: ஏ-3, திருத்த முடியாத பிழை.

அந்த வரியின் நேரம் வெள்ளி இரவு 21:17. வெள்ளி ஏழு மணிக்குத்தான் எல்லாம் சரி என்று ரிப்போர்ட் போட்டுவிட்டுப் பூட்டினேன். ராத்திரியே செத்திருந்தால் நான் ஏன் மறுபடி எட்டிப் பார்க்கவில்லை என்று கேட்பார்கள். அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் புத்தி வந்தது: போர்டின் கடிகாரம் லண்டன் நேரம். ஐந்தரை மணி கூட்டினால் சனி 2:47. நேற்று பார்த்ததோடு பொருந்திவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன், பைத்தியம் மாதிரி.

இந்த வகை மெமரி ஒரு தப்பு வந்தால் தானே திருத்திக்கொண்டு ஓடும். ஒரே நேரத்தில் இரண்டு தப்பு வந்தால் திருத்தத் தெரியாது. நின்றுவிடும். முதல் தப்பு அக்டோபர் 24. திரையில் 'திருத்தப்பட்டது' என்று வந்ததைப் பார்த்து மறுநாளே கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கிறேன். 28ஆம் தேதி இன்னொன்று. ஒரே ஒரு பதில்: "திருத்தப்பட்டது என்று வந்தால் கவலை வேண்டாம். கவனித்து வரவும்." கவனித்து வந்தேனே. தினமும் கவனித்தேன். கவனித்துக் கவனித்துத்தான் அண்ணன் கால் போச்சு.

இரண்டு மெயிலையும் பிரின்ட் எடுக்கணும். பொன்னேரி போகணும்.

நைனாவிடம் சொன்னேன். "மிஷின்ல கோளாறுன்னு எழுதியே கீதா?" என்று மூன்று தடவை கேட்டார். கீது நைனா, தேதியோட கீது. அவர் கண் கலங்கிவிட்டது. நண்டு வாங்கி வந்து அவரே குழம்பு வைத்தார். காரம் ஜாஸ்தி. நான்கு நாளில் இன்றுதான் சாப்பிட்டேன் என்று சொல்லலாம்.


நவம்பர் 5, புதன்

இதை எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

ஏ-3 ஏன் கெட்டது என்றும் எழுதிவிட்டால் ரிப்போர்ட் முழுசாக இருக்கும் என்று காலையில் மிஷினை அணைத்தேன். மேல் மூடி ஏற்கெனவே கிடையாது. செப்டம்பரில் ஏசி செத்தபோது கம்பெனிக்காரன் போனில்தான் சொன்னான், மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேன் வையுங்கள் என்று. வாயால் சொன்னது. எழுத்தில் இல்லை. ஆனால் நான் மூடியைக் கழற்றியது மட்டும் போர்டின் பதிவில் தேதியோடு இருக்கிறது.

ஏ-3 மெமரியைப் பிடுங்கினேன். அடியில் தங்க நிறப் பற்கள் பச்சை பூத்துக் கிடந்தன. ஸ்லாட் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பொருக்கு. கடல் காற்று, வேறென்ன என்று நினைத்தேன். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. உடனே இன்னொன்றும். நாக்கு அப்படியே சுருங்கியது.

படிகாரம்.

நைனா சவரம் செய்துவிட்டுத் தடவிக்கொள்கிற படிகாரம். சின்ன வயதில் கற்கண்டு என்று நக்கி அழுதிருக்கிறேன், எனக்குத் தெரியாதா. கடல் காற்றில் உப்பு இருக்கும். படிகாரம் எங்கிருந்து வரும்?

தலையைத் தூக்கிப் பார்த்தேன். மேசைக்கு நேர் மேலே கூரைக் கொக்கியில் திருஷ்டி மூட்டை. கறுப்புத் துணி. உள்ளே கல்லுப்பு, படிகாரம், காய்ந்த மிளகாய். துணியின் அடி முனையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க விழுந்தது.

இந்த நோட்டைத் திருப்பினேன். இதுவும் ஒரு பதிவுதானே.

அக்டோபர் 21, தீபாவளிக்கு மறுநாள்: "அமாவாசை. நைனா நிலையத்துக்கு வந்தார். பொம்பளைப் புள்ள மிஷின் வேலை பாக்குறான்னு ஊர் கண்ணு முழுக்க இங்கதான் கீது என்று படகில் கட்டுவது போல ஒரு மூட்டை கட்டிவிட்டுப் போனார். மிஷினுக்கு நேராகக் கட்டணுமாம். சிரிப்பு."

அக்டோபர் 24, முதல் பிழை.

அக்டோபர் 26, என் கையெழுத்து: "மூட்டை சொட்டுகிறது. கீழே பேப்பர் விரிக்கணும்."

விரிக்கவில்லை. மறந்துவிட்டேன். அதற்கு அடுத்த வரி, பிளவுஸ் தைக்கக் கொடுத்தது.

மத்தியானம் நைனாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை எடுத்துவிட்டார்.

"படகுல கட்டினா வெயில்ல காஞ்சிகினே இருக்கும். ரூமுல கட்டினா அழுவும்னு எனக்குத் தோணவே இல்ல அமுலு."

"எனக்குத் தோணுச்சு நைனா. எழுதியே வச்சிருக்கேன்."

"ஞாயித்துக்கெழம ஊர்ல நானே சொல்லிடறேன். நான் கட்டினது. உம்மேல இன்னா தப்பு?"

வேண்டாம் என்றேன். கத்தினேன் என்றுதான் எழுதவேண்டும். சாவி போகும், பாடு போகும், கம்பெனிக்காரன் குளிர்ந்து போவான், இவ்வளவும் போனாலும் அண்ணன் கால் நல்லாகாது, நீ சும்மா இரு என்றேன். மெமரி கெட்டது உண்மை. மெயில் போட்டது உண்மை. நான் ஒரு பொய்யும் சொல்லப்போவதில்லை என்றேன்.

நைனா கை கழுவிவிட்டுப் போய்விட்டார். இத்தனை வருடத்தில் அவர் சோற்றை மீதம் வைத்து நான் பார்த்ததில்லை.


நவம்பர் 6, வியாழன்

மூட்டையை அவிழ்த்து ஏரியில் போட்டேன். போகட்டும், ஏரிக்கு உப்பு புதிதா.

ஸ்பிரிட் வாங்கி ஸ்லாட்டைத் துடைத்தேன். ஏ-3ஐக் காலியாக விட்டு மிஷினை எழுப்பினேன். ஓடுகிறது. ஒரு பிழையும் இல்லை.

ரிப்போர்ட் இரண்டு பக்கம். "ஈரப்பதத்தால் மெமரி ஸ்லாட்டில் அரிப்பு." அழகான வார்த்தை, ஈரப்பதம். யார் வீட்டு ஈரம் என்று கேட்காது.

மூன்று மணிக்கு போன். ஏழுமலை அண்ணனுக்குக் காலை எடுத்துவிட்டார்கள். முட்டிக்குக் கீழே.




நவம்பர் 8, சனி

ஒரு வழியாகக் கம்பெனி இஞ்சினீயர். பொன்னேரியைத் தாண்டிவிட்டோம் என்று அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி எதிர் வண்டிக்காக இரண்டு மணி நேரம் நின்றானாம், பொன்னேரி அடுத்த ஸ்டேஷன் என்று தெரியாமல். வந்ததும் தண்ணீர், அப்புறம் ஃபேன், அப்புறம்தான் மிஷின். சின்னப் பையன் இல்லை, என் வயதுதான். நல்லவன் மாதிரிதான் தெரிந்தது.

"மூடிய யாரு மேடம் கழட்டச் சொன்னது? இப்படித் திறந்து வச்சா இன்னும் சூடாகும்."

"உங்க ஆபீஸ்தான்."

அதை அவன் எழுதிக்கொள்ளவில்லை. புது மெமரி போட்டான். பழையதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சீ ஏர் மேடம். கடலோரத்துல இது சகஜம்" என்றான். காகிதத்தில் எழுதினான்: காரணம், கடல் காற்று. கையெழுத்து, முத்திரை. மூடியைப் போட்டு நாலு ஸ்க்ரூவும் முடுக்கினான்.

கிளம்புவதற்கு முன் ஒரு வரி தட்டினான். போர்டின் பதிவு மொத்தமும் அழிந்தது. வேலை முடிந்ததும் அழித்துவிட்டுப் போவது வழக்கமாம், அடுத்து வருவது புதிதாகத் தெரிய. மூடி கழற்றியது, ஏ-3, அந்த நூறு திருத்தங்கள், 2:47, எல்லாம் போச்சு. அவன் விரல் பட்டனுக்குப் போகும்போது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். டீ குடிக்கிறீங்களா என்று கேட்டேன்.

மிச்சம் இருப்பது இந்த நோட்டு மட்டும்.


நவம்பர் 9, ஞாயிறு

மேகம். மழை இல்லை.

கோயில் எதிரே கூட்டம். ஆண்கள் உட்கார்ந்து, நான் நின்று. தலைவர் சொன்னார், "படிம்மா, எல்லாருக்கும் புரியற மாதிரி." படித்தேன். தேதி, நேரம், இரண்டு மெயில், இஞ்சினீயர் முத்திரை. குரல் நடுங்கவில்லை. குழாயில் பேசிப் பழகிய குரல்தானே.

நடுவில் நைனா எழுந்தார். வாயைத் திறந்தார். நான் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர், "வயசாயிடுச்சு, காலு மரத்துப் போச்சு போல" என்றார்.

தலைவர்: "கடல் காத்துதான் காரணம்னா காத்தக் கூட்டியாந்து நிக்க வைக்க முடியுமா? பொண்ணு ரெண்டு வாட்டி எழுதிப் போட்டுகீது. கம்பெனிக்காரன் டபாய்ச்சிருக்கான். சாவி அவகிட்டயே இருக்கட்டும். பாடும் அப்படியே."

கலைந்தார்கள். ஜெயித்துவிட்டேன். கூட்டத்தில் ஒரு குரல், "கண்ணு பட்டுடுச்சும்மா உனக்கு, சுத்திப் போடு" என்றது. டீக்கடையில் சுவிட்ச் பற்றிப் பேசியவன்தான்.

கோயில் மதில் ஓரம் பவானி நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் மாமியாரை விட்டுவிட்டு இதற்காகவே வந்தாளாம். என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் ஆஸ்பத்திரி டெட்டால் வாசனை.

"மன்னிச்சுடு அமுலு. பேஜார்ல மண்ண வாரித் தூத்திட்டேன். உன் வாயில கூட உழுந்துச்சே. நீ இன்னா பண்ணுவ, பாவம்."

பரவாயில்லை என்றேன். நான் அவளை மன்னித்தேன். நான். அவளை.

வீட்டுக்கு வந்து வாந்தி.


நவம்பர் 11, செவ்வாய்

காலை தூறல். ஆறு மணிக்கு நிலையம். பிழை எதுவும் இல்லை. ரிப்போர்ட் அனுப்பினேன். காற்று குறைவு, படகுகள் இறங்கின.

நாளைக்கு எங்கள் பாடு. நைனா வலையைத் தொடவில்லை. கேட்டால், உடம்பு சரியில்லை என்கிறார். புதன்கிழமைக்குப் பிறகு என்னிடம் பேசிய மொத்த வார்த்தை பத்து இருக்கும்.

பதினோரு மணிக்கு பவானி வந்தாள். அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, கஞ்சி குடித்தார், வார்டில் எல்லோரையும் கலாய்க்கிறார் என்றாள். சிரித்தாள் கூட. பையிலிருந்து ஒன்றை எடுத்தாள்.

கறுப்புத் துணி. சிவப்புக் கயிறு. பழையதைவிடப் பெரியது.

"அவுருதான் கட்டச் சொன்னாரு. அமுலு மேல ஊரு கண்ணு ஜாஸ்தி, என் காலால வேற அவ பேரு கெட்டுச்சு, மொதல்ல போய் இத்த மாட்டிட்டு வான்னாரு. படுத்துகினே அவுரே கல்லு உப்பு பொறுக்கிப் போட்டு முடிச்சு போட்டாரு. உங்க நைனா கட்டியிருந்தாரே, அது எங்க?"

அவிழ்த்துவிட்டேன் என்றேன்.

"அதான்! அவுக்கலாமா அத்த?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிட்டாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அதே கொக்கி. கயிற்றை மாட்டிக்கொண்டே இருந்தாள்.

"வேணாம் பவானி. சொட்டும்."

"இன்னாது?"

"போன மூட்டையும் சொட்டுச்சு."

அவள் கை நின்றது. மேலே கொக்கியைப் பார்த்தாள். கீழே மிஷினைப் பார்த்தாள். கருவாடு போடுகிறவள். ஐப்பசி மழையில் உப்பு என்ன செய்யும், இரும்பில் விழுந்தால் என்ன செய்யும் என்று அவளுக்கு நான் ஓதவேண்டியதில்லை. மெதுவாகக் கயிற்றைக் கழற்றினாள். இறங்கினாள். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். மண்ணை அள்ளட்டும், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்தேன்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"புதங்கெழம."

விரலை மடக்கி எண்ணினாள். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. ஞாயிற்றில் அந்த விரலை மடக்கியபடியே வைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம நான் உன் கையப் புடிச்சேனே அமுலு" என்றாள்.